நகர்ந்த பீப்பாய்

பிரேக் பிடிக்கவில்லை என்று கிளப்பில் நான்கு பேர் சொல்லியிருந்தார்கள். தரை மட்டும் வேறு சொன்னது.

துப்பறிவாளர் சென்னகேசவன் குனிந்து, கான்கிரீட்டில் நீளமாகப் படிந்திருந்த இரண்டு கறுப்புக் கோடுகளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தார். ரப்பர். உருள வேண்டிய சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால்தான் டயர் இப்படித் தேய்ந்து தரையில் ஒட்டும். பிரேக் பிடிக்காத காரின் சக்கரம் பூட்டிக்கொள்ளாது.

"பிரேக் நல்லாவே புடிச்சிருக்கு, முத்தாத்தா."

"அப்ப அந்த நாலு பேருக்கும்தான் வாயில பிரேக் புடிக்கலையாட்டங்க," என்றாள் அவருடைய உதவியாளர் முத்தாத்தாள்.

அவளுக்கு நாற்பது வயது. பத்து வருஷம் மில்லில் நூல் அறுகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் கூர்மையானவள். மில் மூடியதும் டைப் அடிக்கும் வேலைக்கு அவரிடம் வந்தாள். டைப் அடிக்க மட்டும் இன்னும் வரவில்லை. சென்னகேசவனோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக மோதிய கார்களை இருபது வருஷம் சோதித்தவர். நொறுங்கிய தகரம் பொய் சொல்லாது, அதைப் பற்றிப் பேசுகிற மனிதர்கள்தான் சொல்வார்கள் என்பது அவர் கட்சி.

அவர்கள் நின்றிருந்தது சூலூருக்குத் தெற்கே, சோளக்காடுகளுக்கு நடுவே கிடந்த ஒரு பழைய விமான ஓடுதளத்தில். யுத்த காலத்தில் போட்டு, அப்புறம் யாரும் சீண்டாமல் விட்ட தளம். இரண்டு நாளைக்கு முன்னால், 1963 மாசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் கிளப்பார் இங்கே ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார்கள். ரோட்டில் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, பந்தயத் தளத்தில் வேகமாக ஓட்டுவது எப்படி என்று சொல்லித் தரும் நாள். சேர்ந்தவர்கள் ஐந்து பேர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலில் கிளம்பிய வெங்கடபதி, தளத்தின் கோடியில் இடது பக்கம் திரும்ப வேண்டிய தன் பியட்டைத் திருப்ப முடியாமல் நேராகப் போய், வரப்பைத் தாண்டி, ஒரு தோட்டத்துக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் மோதினான். இடுப்பெலும்பும் வலது காலும் உடைந்தன. இருபத்தாறு வயது. இனி நடப்பானா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

அன்று ஐந்து கார்களின் பிரேக்கையும் பார்த்துச் சரி சொன்னவர் ராசப்பன். கிளப்பின் மெக்கானிக்கும் அவரே, வாத்தியாரும் அவரே. அவர்மேல் கிளப் செயலாளர் நரசிம்மலு புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார்.

"ராசப்பண்ணன் அப்படிப்பட்டவரு இல்லீங்க சார். நீங்கதான் எப்படியாச்சும் நிரூபிக்கோணும்," என்று காலையில் ஆபீஸ் வாசலில் வந்து நின்றவள் வெங்கடபதியின் தங்கை ரங்கநாயகி. அவளும் அன்று சேர்ந்த ஐந்து பேரில் ஒருத்தி. பி.ஏ. முடித்தவள், அப்பாவுக்குப் பஞ்சு அரவை மில். இரண்டு நாளாகத் தூங்காத கண்களோடு இப்போது அவர்கள் பக்கத்தில் வெயிலில் நின்றாள்.

"அம்மணி, அன்னைக்கு ராசப்பன் என்னென்ன சொல்லிக் குடுத்தாரு? ஒண்ணு விடாம சொல்லுங்க," என்றார் சென்னகேசவன்.

"மொதல்ல கார்ல ஆடற சாமான் எல்லாத்தையும் எறக்கச் சொன்னாருங்க. ஜாக்கி, குடை, தண்ணிக் கூஜா எல்லாம். டயருல காத்து பாத்தாரு. பொறவு அஞ்சு பேரையும் நடத்தியே ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போனாரு. கார் போற வழி மொதல்ல காலுக்குத் தெரியோணுமாம். அப்பறம் அவரு கார் முன்னால போக, நாங்க பின்னால மெதுவா மூணு சுத்து. அதுக்கு மேல அவரு பக்கத்துல உக்காந்துட்டு ஓட்ட வெச்சாரு. கடைசியாத்தான் தனியா."

"கோடி வளைவுக்கு என்ன சொன்னாரு?"

"அதா, சனிக்கிழமையே அவரு கொண்டாந்து வெச்ச அந்த வெள்ளைப் பீப்பாய் வந்ததும் பிரேக்கை மிதிக்கோணும். அதுக்கு முந்தி மிதிச்சா நேரம்தான் போகும், தாண்டி மிதிச்சா உசுரு போகும்னாரு. புதுசா ஓட்டறவங்க வேகத்தைப் பாக்க வேண்டாம், பீப்பாயைப் பாத்தாப் போதும்னாருங்க."

தளத்தின் ஓரத்தில் இடுப்புயரம்கூட இல்லாத கிரீஸ் பீப்பாய் ஒன்று சுண்ணாம்பு பூசி நின்றது. சென்னகேசவன் அதிலிருந்து கறுப்புக் கோடுகள் தொடங்கும் இடம்வரை நடந்து எண்ணினார். ஐம்பது தப்படி.

"உங்க அண்ணன் சொன்ன பேச்சுக் கேக்காதவரா?"

"அவனா? டிராபிக் போலீஸ் இல்லாத முக்குலயும் கை காட்டிட்டுத் திரும்பறவனுங்க."

"அப்பேர்ப்பட்டவரு ஐம்பது தப்படி தாண்டி மிதிச்சிருக்காரு."

"சார், இங்க வாங்க," என்று முத்தாத்தாள் முன்னாலிருந்து குரல் கொடுத்தாள். "யாரோ கோலம் போட ஆரம்பிச்சு, ஒரு வட்டத்தோட எந்திரிச்சுப் போயிட்டாங்க."

கோடுகள் தொடங்குவதற்குப் பத்துத் தப்படி முன்னால், இரண்டு கான்கிரீட் பலகைகள் சேரும் இணைப்பில், புல் முளைத்த விரிசலை ஒட்டி ஒரு வெள்ளை வளையம். சுண்ணாம்பு. பீப்பாயின் அடிப்பாகத்தின் அளவு. சென்னகேசவன் திரும்பி வந்து பீப்பாயைச் சாய்த்துப் பார்த்தார். அதன் அடியிலும் வளையம் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு, ஒன்றை விட்டு ஒன்று கட்டைவிரல் அகலம் விலகி. இந்த இடமும் புல் முளைத்த ஓர் இணைப்புத்தான். பீப்பாயில் நீல மையால் ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. அது ஓட்டி வருகிறவர்களைப் பார்க்காமல், சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்பு சோளத்துக்கு வழி சொல்லுதாட்டங்க," என்றாள் முத்தாத்தாள்.

"பீப்பாய் ரெண்டு தடவை நகர்ந்திருக்கு. ஒருக்கா அங்க போயிருக்கு, ஒருக்கா திரும்பி வந்திருக்கு. திருப்பி வெச்சவருக்கு அவசரம், முன்பக்கம் பின்பக்கம் பாக்கலை. வெங்கடபதி பீப்பாயைப் பாத்துத்தான் மிதிச்சிருக்காரு. பீப்பாய் நின்ன எடம்தான் தப்பு."

"அனுபவம் உள்ளவங்க வளைவைப் பாத்தே மிதிச்சிருப்பாங்க. புதுசா ஓட்டறவங்க மட்டும்தான் பீப்பாயை நம்புவாங்க," என்றாள் முத்தாத்தாள். "சொன்ன பேச்சுக் கேட்டவனுக்குத்தான் கால் போச்சா? என்ன நாயமுங்க இது?"

ரங்கநாயகி அந்தச் சுண்ணாம்பு வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"வெயில் ஒத்துக்கலையா அம்மணி?"

"ஆமாங்க... நான் அங்க கிளப் ஷெட்டுக்குப் போய் உக்காந்துக்கறேன். நீங்க அண்ணனைப் பாத்துட்டு வாங்க."

ஆஸ்பத்திரியில் வெங்கடபதி கூரையைப் பார்த்தபடி கிடந்தான். காலைக் கயிறு கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். பேச ஐந்து நிமிஷம்தான் அனுமதி.

"ஒரே ஒரு கேள்விதான் தம்பி," என்றார் சென்னகேசவன். "மத்தியானத்துக்கு மேல பீப்பாய் எங்க இருந்துச்சு?"

வெங்கடபதி, சொல்ல வெட்கப்படுகிறவன் போல மெதுவாகச் சொன்னான்.

"தள்ளி இருந்துச்சுங்க. நான் பாத்தேன்."

"பாத்துமா வேகத்தைக் குறைக்கலை?"

"காலைல ராசப்பண்ணன் என்னைத் தட்டிக் குடுத்து, நல்லா ஓட்டறீங்கன்னு சொன்னாருங்க. என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்காகத்தான் பீப்பாயைத் தள்ளி வெச்சிருக்காரு, இன்னும் கொஞ்சம் வேகமா வரட்டும்னு நெனைக்கறாருன்னு..." அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "அவரைக் குத்தம் சொல்லாதீங்க. நானா நெனச்சுக்கிட்டதுதான்."

இருவரும் வெளியே வந்து, அவருடைய பழைய லாண்ட்மாஸ்டர் காரில் ஏறினார்கள். சிங்காநல்லூர் தாண்டியபோது முத்தாத்தாள் சொன்னாள்.

"ராசப்பனைக் காப்பாத்தத்தான் போனோம். கயித்தை இன்னும் ஒரு முடிச்சு இறுக்கிட்டு வாரோமுங்க."

"ம்."

"ராசப்பனே தள்ளி வெச்சிருப்பாரா?"

"பாக்கலாம்."

அவர்கள் ஷெட்டுக்குத் திரும்பியபோது மணி மூன்று. ரங்கநாயகியின் ஹெரால்டு கார் வெளியே நின்றது. அவள் அதற்குள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். உள்ளே ராசப்பன் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, தன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து ஒரு சாக்கில் சுருட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது மனிதர். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இவர் பட்டாளத்தில் லாரி ஓட்டி, வண்டியின் சத்தத்தை வைத்தே நோய் சொல்லும் அளவுக்குத் தேறினார். ஜில்லாவில் இவரை மிஞ்சி ஓட்ட ஆளில்லை என்று கிளப்பில் எல்லாரும் சொல்வார்கள். மெம்பராக்க மட்டும் யாரும் கை தூக்கியதில்லை.

"ராசப்பன்," என்றார் சென்னகேசவன், "பீப்பாயைத் திரும்பக் கொண்டாந்து வெச்சது நீங்கதானே?"

ஸ்பேனர் ராசப்பன் கையிலேயே நின்றது.

"பீப்பாய்க்கு அடியில இருக்கற ரெண்டு வளையத்துக்கும் நடுவுல கட்டைவிரல் அகலம்தான் வித்தியாசம். அரை மைல் நீளத் தளத்துல, அவசரத்துல, அவ்வளவு சரியா அதே எடத்துல வெக்க ஒருத்தராலதான் முடியும். சனிக்கிழமை அதை மொதல்ல வெச்சவரால."

ராசப்பன் தலையசைத்தார்.

"நான்தானுங்க. எல்லாரும் கெணத்துப் பக்கம் ஓடினாங்க. நானும் ஓடினேன். ஓடறப்ப பாத்தா, பீப்பாய் அங்க நிக்குது. அப்பவே புரிஞ்சு போச்சுங்க. தம்பியைத் தூக்கி வண்டியில ஏத்திவிட்டுப்போட்டுத் திரும்பி வந்து எடுத்து வெச்சுப்போட்டேன். ஏன் வெச்சேன்னு கேட்டீங்கன்னா... பயமுங்க. வேறொண்ணும் இல்லை."

"மொதல்ல தள்ளி வெச்சது?"

"நானில்லீங்க. என்ற புள்ளைங்க மேல சத்தியம். ஆனா சாப்பாட்டுக்குப் பொறவு தளத்தை ஒருக்கா நடந்து பாத்துட்டுத்தான் காரை விட்டிருக்கோணும். அது வாத்தியார் வேலை. நான் பாக்கலீங்க. எலை போட்டவங்க கூப்பிட்டாங்க, பரிமாறப் போயிட்டேன்." அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அந்த மட்டும் என்ற தப்புத்தானுங்க. போலீசு வந்தா போறேன்."

சென்னகேசவன் அவர் சொன்னதை நம்பினார். காரணம் இருந்தது. தப்பான இடத்து வளையம் புல் முளைத்த இணைப்பை ஒட்டி, ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. கெடுக்க நினைக்கிறவன் பீப்பாயை அப்படி இடம் தேடி வைக்க மாட்டான். கிடைத்த இடத்தில் போட்டுவிட்டு ஓடுவான். ராசப்பனுக்கோ சரியான இடம் தூக்கத்திலும் தெரியும். அப்படியானால் அது, சரியான இடம் எது என்று நினைவுபடுத்திப் பார்த்து, இரண்டு இணைப்புகளில் தப்பானதைத் தேர்ந்தெடுத்த ஒருவரின் கை. கெட்ட எண்ணம் இல்லாத கை.

"ஏனுங்க சார், இதைப் போட்டா எனக்கும் பந்தயக் களை வருதுங்களா?"

முத்தாத்தாள் சுவரில் மாட்டியிருந்த மூன்று ஹெல்மெட்டுகளில் ஒன்றை எடுத்துத் தலையில் கவிழ்த்தாள். உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு கழற்றினாள். அவள் நெற்றியிலிருந்தும் கொண்டையிலிருந்தும் மணல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"என்ன எழவு இது? தலைக்குப் போடறதா, மண்ணு அள்ளறதா?"

சொன்னவள் அப்படியே நின்றாள். சென்னகேசவன் அவள் தோளிலிருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். வெள்ளை மணல், ஆற்று மணல். சுற்றிலும் எங்கே தோண்டினாலும் செம்மண்தான்.

"ராசப்பன், பீப்பாய் காத்துக்குச் சாயாம இருக்க உள்ள என்ன போட்டீங்க?"

"நொய்யல் மணலுங்க. ஒரு நாலு படி."

"இந்த ஹெல்மெட்டை யாரு போட்டாங்க?"

ராசப்பன் அதைக் கையில் வாங்கினார். ஹெல்மெட்டின் அளவைப் பார்த்தார். மற்ற இரண்டைவிட அது சின்னது. அவர் கண்கள் தாமாகவே வாசல் பக்கம் போயின.

வாசலில் ரங்கநாயகி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை.

"எனக்கு மட்டும்தான் அது பத்துச்சுங்க," என்றாள்.

அவள் உள்ளே வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எல்லாரும் சாப்பிடப் போனாங்க. கொடி காட்டறவரும் சைக்கிள்ல போயிட்டாரு. இன்னும் ஒரே ஒரு சுத்துன்னு யாரையும் கேக்காம எடுத்துட்டேனுங்க. கோடி வளைவுல ஓரத்துக்குப் போயிட்டேன். பம்பர் தட்டிப் பீப்பாய் உருண்டுச்சு. மணல் கொட்டிப் போச்சு. ஹெல்மெட்டுல அள்ளி அள்ளி உள்ள போட்டேன். புல்லு மொளச்ச இணைப்புகிட்ட இருந்ததுன்னு ஞாபகம். தேடிப் பாத்து, அம்பு முன்னால தெரியற மாதிரி சரியாத்தான் வெச்சேன். சரியா வெச்சதா நெனச்சேன்."

"அம்மணி, அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை..." என்று தொடங்கிய ராசப்பன் முடிக்கவில்லை.

"கேக்காம ஓட்டினதுக்குப் பேசுவீங்கன்னு பயந்துட்டேனுங்க அண்ணா. பொம்பளைப் புள்ளையை விட்டதே தப்புன்னு நரசிம்மலு மாமா காலைலயே மொனகிட்டிருந்தாரு. பீப்பாயை இடிச்சேன்னு சொன்னா அதோட அனுப்பிச்சிருவாங்கன்னு நெனச்சேன்." அவள் சென்னகேசவன் பக்கம் திரும்பினாள். "அண்ணனை ஆஸ்பத்திரியில சேத்துப்போட்டு சாயங்காலம் இங்க ஓடி வந்து பாத்தேனுங்க சார். பீப்பாய் சரியான எடத்துல நின்னுச்சு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. என்ற கையால ஒண்ணும் ஆகலை, வேற என்னமோ நடந்திருக்குன்னு நம்பினேன். அதனாலதான் உங்களைத் தேடி வந்தேன். நீங்க வேற யாரையாச்சும் கண்டுபிடிப்பீங்கன்னு நெனச்சேனுங்க."

ராசப்பன் பயத்தில் செய்தது இவளுக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது. இவள் பயத்தில் மறைத்தது ராசப்பனைப் போலீஸ் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. இருபது வருஷத்தில் எத்தனையோ நொறுங்கிய கார்களைப் பார்த்த சென்னகேசவனுக்கு, ஒரு கெட்டவன்கூட இல்லாத விபத்து இதுதான் முதல் தடவை. கோபப்பட ஆள் கிடைக்காதது அவருக்குப் பெரிய பாரமாக இருந்தது.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டருடன் நரசிம்மலு இறங்கினார். வெள்ளை வேட்டியில் ஒரு மடிப்புக் கலையவில்லை. சென்னகேசவன் நடந்ததைச் சொல்லி முடித்ததும், நரசிம்மலு ரங்கநாயகியைத் தனியாக அழைத்தார். தாழ்ந்த குரல்தான், ஆனாலும் தகர ஷெட்டில் எல்லாருக்கும் கேட்டது.

"அம்மணி, உங்கப்பாவை நெனச்சுப் பாரு. அவருக்கு ஒரே பையன். அவனை இப்படி ஆக்கினது நீதான்னு தெரிஞ்சா மனுசன் தாங்குவாரா? எழுதின புகார் எழுதினபடி இருக்கட்டும். ராசப்பனுக்கு என்ன, வக்கீல் வெச்சு ஆறு மாசத்துல வெளிய கொண்டாந்துரலாம்."

ரங்கநாயகி ராசப்பனைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. சாக்கில் சுருட்டிய ஸ்பேனர்களின் மேல் கை வைத்து, கூப்பிட்டால் எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"மாமா," என்றாள் அவள். "ஆறு மாசம்னா அவரு ஊட்டுல மூணு புள்ளைங்க எதைத் திங்கும்?"

"அதெல்லாம் நாம..."

"இன்ஸ்பெக்டர் சார், காயிதம் இருந்தா குடுங்க. நான் எழுதித் தாரேன்."

அவள் ஜீப்பின் பானெட்டில் காகிதத்தை வைத்து எழுதினாள். கேட்காமல் ஓட்டியது, பீப்பாயை இடித்தது, தப்பான இடத்தில் வைத்தது, யாரிடமும் சொல்லாதது. நான்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ராசப்பன் எழுந்து வந்தார். "நானும் ஒண்ணு எழுதோணும்," என்று பேனாவை வாங்கி, தளத்தைச் சோதிக்காததையும், பீப்பாயைத் திருப்பி வைத்ததையும் எழுத்துக்கூட்டி எழுதினார். இன்ஸ்பெக்டர் இரண்டையும் இரண்டு முறை படித்தார்.

"தெரியாம நடந்தது," என்றார் கடைசியில். "இதுல நான் கூட்டிட்டுப் போக யாருமில்லை. புகாரை நீங்களே வாங்கிக்கிடுங்க, நரசிம்மலு."

நரசிம்மலு புகார்க் காகிதத்தை வாங்கி மடித்தார். "சரி. ஆனா இனிமேல் கிளப்புல ராசப்பனுக்கு வேலை இல்லை. பொம்பளைங்களுக்கும் எடமில்லை," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"போறப்ப அந்தப் பக்கம் பாத்துப் போகச் சொல்லுங்க," என்றாள் முத்தாத்தாள். "கெணறு இருக்குது." குரலில் வழக்கமான குறும்பு இல்லை.

ரங்கநாயகி தன் காரை ஓட்ட மறுத்துவிட்டாள். ராசப்பன் அதை ஓட்டி வந்தார். அவள் லாண்ட்மாஸ்டரின் பின் சீட்டில் வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு கார்களும் நின்றன.

"நாங்க வேணும்னா கூட வாரோம், கண்ணு," என்றாள் முத்தாத்தாள்.

"வேண்டாங்க. நானே சொல்லோணும்."

வார்டின் கதவு சாத்திக்கொண்டது. மூன்று பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பார்வை நேரம் முடிந்து மணி அடித்தது. ஆட்கள் சாப்பாட்டுத் தூக்குப்போசிகளோடு கலைந்து போனார்கள். உள்ளேயிருந்து கத்தலோ அழுகையோ எதுவும் கேட்கவில்லை. முத்தாத்தாள் இரண்டு முறை எழுந்து, இரண்டு முறை உட்கார்ந்தாள். ராசப்பன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி கழித்து ரங்கநாயகி வெளியே வந்தாள்.

"என்ன சொன்னாரும்மா?" என்றார் சென்னகேசவன்.

"ஒண்ணும் சொல்லலீங்க." அவள் வலது கையை நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல் தடம் சிவந்து பதிந்திருந்தது. ஓரிடத்தில் நகம் பட்டுத் தோல் கிழிந்திருந்தது. "நான் சொல்ல ஆரம்பிச்சப்ப புடிச்சான். சொல்லி முடிச்ச பொறவும் விடலை. நர்சு வந்துதான் பிரிச்சு விட்டாங்க."

அவள் அந்தத் தடத்தை இடது கையால் மூடிக்கொண்டாள்.

"கோவத்துல புடிச்சானா, போயிராதேன்னு புடிச்சானா, எனக்குத் தெரியலீங்க சார்."

இருபது வருஷமாகக் காரணம் கண்டுபிடித்தே பழகிய சென்னகேசவன் தடத்தை மூடிய அந்தக் கையையே பார்த்தார். ராசப்பன் எழுந்து அவளுக்குப் பெஞ்சில் இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள்.